மலைக்குப் போகிறீர்களா? எந்த லென்ஸ் என்று உங்கள் கம்ப்யூட்டரையே கேளுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்து வாங்க ஆசைப்படுவது பெரும்பாலும் ஒரு நல்ல கேமரா. அதை வாங்கியதும் அடுத்த கேள்வி வரும். "விடுமுறைக்கு வால்பாறை போகிறோம். மலையையும் எடுக்க வேண்டும், மிருகங்களையும் எடுக்க வேண்டும். என்ன லென்ஸ் வாங்கலாம்?" கடைக்காரரைக் கேட்டால் இருப்பதிலேயே பெரிய லென்ஸைக் காட்டுவார். நண்பரைக் கேட்டால் தான் வாங்கியதையே வாங்கச் சொல்வார். இந்தக் கேள்விக்கான பதில் உங்கள் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. அதை எடுத்துப் பார்ப்பது எப்படி என்பதுதான் இந்த மாதப் பாடம். செய்முறைப் பயிற்சிக்குத் திருநீர்மலை வரை ஒரு நடை போய் வந்தால் போதும். தாம்பரம், பல்லாவரம், பம்மல், குரோம்பேட்டை வாசகர்களுக்கு இது பஸ் தூரம்தான். மற்றவர்கள் தங்கள் ஊரில் உள்ள ஒரு சிறு குன்றை வைத்துக் கொள்ளுங்கள்.

முதலில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். 2019ஆம் ஆண்டு முதல் முறையாகக் கேமராவுடன் வால்பாறை போனேன். கேமராவோடு சேர்த்துக் கொடுத்த 18-55 லென்ஸ் மட்டும்தான் கையில். ஆழியாறு தாண்டி மலை ஏறத் தொடங்கினால் மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்ற காட்சி முனை இருக்கிறது. அந்தப் பகுதியில் வரையாடுகள் சாலை ஓரத்துக்கே வருவதுண்டு. அன்றும் வந்தன. சுமார் 30 மீட்டர் தூரத்தில், பாறைச் சரிவில் ஒரு தாயும் குட்டியும். படம் எடுத்துத் திரையில் பார்த்தேன். பெரிய பாறை, பெரிய வானம், நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி. சரி, லென்ஸ் போகாத தூரம் நாம் போவோம் என்று தடுப்புச் சுவரைத் தாண்டி நாலு அடி வைத்தேன். தாய் ஒரு பக்கம் பாய, குட்டி சாலையின் குறுக்கே ஓடியது. வளைவில் இறங்கி வந்த பஸ் 'கிரீச்' என்று நின்றது. குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கிருந்த வனக்காவலர் என்னைத் திட்டியதில் ஒரு வார்த்தை கூட அதிகமில்லை. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் எண்ணப்பட்ட வரையாடுகளே 1,031தான். அதில் ஒன்றை நான் பஸ்ஸுக்கு முன்னால் விரட்டியிருந்தேன்.

தொலைவு லென்ஸ் மிருகத்தை நம் பக்கம் கொண்டு வருவதாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் அதை மாற்றிச் சொல்வேன். நாம் இருந்த இடத்திலேயே இருக்க உதவுவதுதான் அதன் வேலை. அப்படியானால் எத்தனை மில்லி மீட்டர் லென்ஸ் தேவை? அதைக் கணக்குப் போட்டே தெரிந்து கொள்ளலாம்.

லென்ஸ் மேல் எழுதியிருக்கும் எண்கள்

லென்ஸின் முன் வளையத்தில் 18-55, 70-300 என்று எழுதியிருக்கும். இது குவியத் தூரம். கேமராக்காரர்கள் ஃபோக்கல் லெங்த் என்பார்கள். அளவு மில்லி மீட்டரில். எண் சிறியதாக இருந்தால் அகலமான காட்சி விழும். எண் பெரியதாக இருந்தால் காட்சி குறுகி, தூரத்தில் இருப்பது பெரிதாக விழும். 18-55 போல இரண்டு எண்கள் இருந்தால் அது ஜூம் லென்ஸ். 50 என்று ஒரே எண் இருந்தால் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ முடியாது, நாம்தான் முன்னும் பின்னும் நடக்க வேண்டும்.

அதன் பக்கத்திலேயே 3.5-5.6 என்பது போல இன்னொரு எண் இருக்கும். லென்ஸின் கண் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதைச் சொல்வது அது. இதற்குப் பெயர் எஃப் எண். இங்கே கணக்கு தலைகீழ். எண் சிறியதானால் வெளிச்சம் அதிகம். எஃப் 1.8, எஃப் 5.6-ஐ விடச் சுமார் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். இந்த எண்ணுக்குப் பின்னால் வேலை வருகிறது.

கம்ப்யூட்டரிடம் கேட்பது எப்படி?

டிஜிட்டல் கேமராவில் எடுத்த ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஒரு சிறு குறிப்பு ஒளிந்திருக்கிறது. எந்தத் தேதி, எந்தக் கேமரா, எத்தனை மில்லி மீட்டரில், எந்த எஃப் எண்ணில் எடுத்தது என்று எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். இதற்கு எக்ஸிஃப் என்று பெயர். ஒரு படத்தின் மேல் மௌஸை வைத்து ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், பின்பு டீடெய்ல்ஸ் என்று போனால் பார்க்கலாம்.

ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொண்டிருந்தால் விடிந்துவிடும். மொத்தமாகப் பார்க்க வழி இருக்கிறது. படங்கள் உள்ள போல்டரைத் திறந்து, வியூ மெனுவில் டீடெய்ல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலே நேம், டேட் என்று தலைப்புகள் வரும். ஏதாவது ஒரு தலைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, மோர் என்பதைக் கிளிக் செய்யுங்கள். நீளமாக ஒரு பட்டியல் வரும். அதில் ஃபோக்கல் லெங்த் என்பதைத் தேடி டிக் செய்து ஓகே கொடுங்கள். இப்போது ஒவ்வொரு படத்துக்கும் எதிரே அதன் மில்லி மீட்டர் தெரியும். அந்தத் தலைப்பின் மேல் ஒரு முறை கிளிக் செய்தால் 18-ல் எடுத்தவை, 24-ல் எடுத்தவை, 55-ல் எடுத்தவை என்று வரிசையாக அடுக்கிக் கொள்ளும். 55 உள்ள முதல் படத்தைக் கிளிக் செய்து, ஷிப்ட் கீயை அழுத்திக் கொண்டு கடைசிப் படத்தைக் கிளிக் செய்தால், எத்தனை படங்கள் என்ற எண்ணிக்கை கீழே இடது மூலையில் வரும். காசு கொடுத்து எந்த சாஃப்ட்வேரும் வாங்க வேண்டாம். இர்ஃபான்வியூ வைத்திருப்பவர்கள் படத்தைத் திறந்து ஐ கீயை அழுத்தினாலும் இந்த விவரங்களுக்குப் போகலாம்.

ஓர் எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பி இறக்கிக் கொண்டவற்றில் இந்தக் குறிப்பு அழிந்து போயிருக்கும். மெமரி கார்டிலிருந்து நேராகக் காப்பி செய்த படங்கள்தான் வேண்டும்.

இனி முக்கியமான வேலை. எல்லாப் படங்களையும் எண்ணாதீர்கள். புதிதாக ஒரு போல்டர் உருவாக்கி, உங்களுக்கே பிடித்த படங்களை மட்டும் அதில் காப்பி செய்து, அந்தப் போல்டரை வரிசைப்படுத்துங்கள். இரண்டு கணக்கும் ஒன்றாக இருக்காது. என் முதல் வால்பாறைப் பயணத்தில் மலைக் காட்சிகளில் பாதிக்கு மேல் 18-ல் எடுத்திருந்தேன். மலை என்றாலே அகலமாக எடுக்க வேண்டும் என்ற நினைப்பு. ஆனால் பிடித்தவை என்று பொறுக்கிய போல்டரில் 18-ல் எடுத்த மலை ஒன்றே ஒன்றுதான் தேறியது. மற்றவை எல்லாம் 35-க்கும் 55-க்கும் இடையில். மிருகங்கள், பறவைகள் எல்லாமே 55-ல், அதாவது லென்ஸின் கடைசி எல்லையில் முட்டிக் கொண்டு நின்றன. பிடித்த படங்கள் ஜூமின் ஒரு முனையில் குவிந்திருந்தால், நமக்கு லென்ஸ் அந்தப் பக்கம்தான் போதவில்லை என்று அர்த்தம்.

திருநீர்மலையில் ஒரு காலைப் பொழுது

பழைய படங்கள் அதிகம் இல்லாதவர்கள் என்ன செய்வது? இங்கேதான் திருநீர்மலை உதவிக்கு வருகிறது. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள், மலை மேல் ரங்கநாதர் என்று 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததால், வடியும் வரை ஆறு மாதம் காத்திருந்து தரிசித்தார் என்பது தல வரலாறு. காட்டு மிருகங்களைப் படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் கேட்டுக் கொள்ள வேண்டிய கதை!

காலையில் ஏரிப் பக்கம் நின்று, ஒரே இடத்தில் அசையாமல், மலையை 18, 24, 35, 55 என்று நான்கு முறை எடுங்கள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் அடுத்தடுத்துப் பாருங்கள். நேரில் கம்பீரமாக நின்ற மலை, 18-ல் எடுத்த படத்தில் சுண்டிப் போய், அடிவானத்தில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கும். 55-ல்தான் நாம் கண்ணால் பார்த்த மலை கிடைக்கும். அகல லென்ஸ் அருகில் இருப்பதைப் பெரிதாக்கி, தூரத்தில் இருப்பதைச் சிறிதாக்கிவிடும். ஆகவே 18-ஐ ஒதுக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்திலேயே படிக்கட்டோ, தாமரையோ, ஒரு பாறையோ இருந்து அதற்குப் பின்னால் மலை வந்தால் 18 அழகாக இருக்கும். அருகில் எதுவும் இல்லாமல் வெறும் தூரத்து மலை என்றால் 18 ஏமாற்றிவிடும்.

பொதிகை, ஆனைமலை, நீலகிரி எதுவானாலும், ஒன்றன் பின் ஒன்றாக நீல நிறத்தில் அடுக்கடுக்காகத் தெரியும் மலை வரிசை என்றால் 70 முதல் 200 வரை உள்ள எண்களில்தான் அந்த அடுக்கு கிடைக்கும். தொலைவு லென்ஸ் காட்டு மிருகங்களுக்கு மட்டும், அகல லென்ஸ் மலைக்கு மட்டும் என்று பிரித்துச் சொல்வது பாதி உண்மைதான்.

அடுத்த பயிற்சிக்கு ஒரு வெள்ளாடு வேண்டும். சிரிக்க வேண்டாம். வரை என்றால் மலை. வரையாடு என்பதே மலை ஆடு. உருவத்தில் ஊர் ஆட்டை விடப் பெரியது, அவ்வளவுதான். அடிவாரத்தில் மேயும் ஓர் ஆட்டிலிருந்து சாதாரண நடையில் 40 எட்டு தள்ளி நில்லுங்கள். சுமார் 30 மீட்டர் ஆகும். 55-ல் ஒரு படம். வீட்டில் அதைப் பெயின்ட் புரோகிராமில் திறந்து, செலக்ட் கருவியால் ஆட்டைச் சுற்றிக் கட்டம் போடுங்கள். அந்தக் கட்டம் எத்தனை பிக்ஸெல் அகலம் என்று கீழே காட்டும். 24 மெகா பிக்ஸெல் கேமராவில் படத்தின் முழு அகலம் 6,000 பிக்ஸெல். ஆடு அதில் 500-ஐத் தொட்டாலே அதிகம். சாதாரண அஞ்சலட்டை அளவில், அதாவது 6க்கு 4 அங்குலத்தில் தெளிவாகப் பிரிண்ட் போட 1,800 பிக்ஸெல் அகலம் வேண்டும். ஆட்டை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கினால் ஏன் சதுரம் சதுரமாக உடைகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

மலை மேல் ஏறினால் இன்னொரு வசதி. காற்று வீசும் திசையைப் பொறுத்து, சென்னை விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள் இந்தப் பக்கமாகத் தாழ்ந்து வரும். பருந்துகளும் வட்டமிடும். நகரும் பொருளைக் கேமராவால் தொடர்ந்து போய்ப் பழக இதை விட நல்ல இடம் கிடையாது. விமான நிலையத்தையும் ஓடுபாதையையும் படம் எடுக்க வேண்டாம், வானத்தில் வருவதே போதும். சந்நிதிக்குள் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். மலை மேல் இருந்து கிழக்கே பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் குன்றுகளை எடுப்பதானால் மாலையில் போங்கள். காலையில் சூரியன் நேராக லென்ஸுக்குள் விழும்.

ஒரு சிறிய எக்ஸெல் கணக்கு

இப்போது எக்ஸெல் திறந்து கொள்ளுங்கள். லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்கள் அதில் உள்ள கால்க் புரோகிராமிலும் செய்யலாம். முதல் வரிசையில் தலைப்புகள்: முதல் பத்தியில் மில்லி மீட்டர், இரண்டாவதில் தூரம், மூன்றாவதில் மிருகத்தின் நீளம், நான்காவதில் காட்சியின் அகலம், ஐந்தாவதில் பிக்ஸெல்.

இரண்டாவது வரிசையில் 55, 30, 1.5 என்று எழுதுங்கள். 55 மில்லி மீட்டர் லென்ஸ், 30 மீட்டர் தூரம், ஒன்றரை மீட்டர் நீளக் கிடா. நான்காவது கட்டத்தில் சமக்குறி போட்டு, 23.5 என டைப் செய்து, நட்சத்திரக் குறி போட்டு, தூரம் உள்ள கட்டத்தைக் கிளிக் செய்து, சாய்வுக் கோடு போட்டு, மில்லி மீட்டர் உள்ள கட்டத்தைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். இந்த 23.5 என்பது கேமராவுக்குள் படம் விழும் சென்சாரின் அகலம். வீட்டு உபயோக நிக்கான், சோனி கேமராக்கள் பலவற்றில் இதுதான் அளவு. அதே ரகக் கேனான் கேமராவுக்கு 22.3 போடுங்கள். ஃபுல் ஃபிரேம் எனப்படும் பெரிய சென்சார் கேமராவாக இருந்தால் 36. ஐந்தாவது கட்டத்தில் சமக்குறி, 6000, நட்சத்திரம், மிருகத்தின் நீளக் கட்டம், சாய்வுக் கோடு, காட்சி அகலக் கட்டம். முடிந்தது. இனி எண்களை மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

55-க்குக் காட்சியின் அகலம் 12.8 மீட்டர் என்று வரும். ஏறக்குறைய ஒரு பஸ்ஸின் நீளத்துக்குள் ஓர் ஆடு. பிக்ஸெல் சுமார் 700. 55 இருந்த இடத்தில் 250 போட்டால் காட்சி 2.82 மீட்டராகச் சுருங்கி, வரையாடு 3,190 பிக்ஸெல் அளவுக்குப் படத்தில் பாதிக்கு மேல் நிறையும். 300 போட்டால் 3,830. 400 போட்டால் 5,100-ஐத் தாண்டும். கொம்பு விளிம்பில் இடிக்கும். 600 போட்டுப் பாருங்கள். காட்சி அகலம் வெறும் 1.17 மீட்டர். ஒன்றரை மீட்டர் ஆடு அதற்குள் அடங்காது!

இந்தக் கடைசிக் கணக்கைத்தான் பலர் போட்டுப் பார்ப்பதில்லை. எங்கள் தெருவில் ஒருவர் 150-600 லென்ஸ் வாங்கினார். இந்த ரக லென்ஸ் ஒன்றே சுமார் 2 கிலோ. வால்பாறை சாலையோரம் நின்ற வரையாட்டின் தலையும் முன்னங்காலும் தனித்தனிப் படமாக அவருக்குக் கிடைத்தன. அதன் பிறகு அந்த லென்ஸ் பீரோவை விட்டு இறங்கவில்லை. ஒப்பிட்டுப் பாருங்கள்: கேனானின் 55-250 எஸ்டிஎம் 375 கிராம். நிக்கானின் டிஎக்ஸ் 70-300 விஆர் 415 கிராம். கழுத்தில் தொங்குவதே தெரியாது.

600 வீண் என்று நான் சொல்லவில்லை. வேறு ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வால்பாறையின் இன்னொரு நாயகன் இருவாச்சி. பெரிய இருவாச்சியின் நீளம் ஏறக்குறைய 1 மீட்டர். உயரமான மரத்தின் உச்சியில், 60 மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருக்கும். 250-ல் அது 1,060 பிக்ஸெல்தான் வரும். 400-ல் 1,700. 600-ல் 2,550. பறவைக்காகவே போகிறவர்களுக்குப் பெரிய லென்ஸ் தேவைதான். அப்போதும் வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்து ஒரு பயணம் போய் வாருங்கள் என்பது என் கட்சி. சென்னையில் லென்ஸ் வாடகைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எடுக்கும்போதே லென்ஸை நாலா பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக் கொண்டால், திருப்பித் தரும்போது கீறல் பற்றிய தகராறு வராது.

கணக்கில் வராத ஒன்று: இருட்டு

வால்பாறை ஊருக்குப் பக்கத்தில் புதுத்தோட்டம் என்ற எஸ்டேட். சிங்கவால் குரங்குகளைப் பார்க்க எல்லோரும் போவது அங்கேதான். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் துண்டுக் காட்டில் அவை வாழ்கின்றன. சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபடுவதைத் தடுக்க, மரத்துக்கு மரம் சாலைக்கு மேலே பாலம் கட்டியிருக்கிறார்கள். இந்தக் குரங்கு 15 மீட்டர் பக்கத்திலேயே கிடைத்துவிடும். கணக்குப்படி 250 தாராளம். ஆனால் மர நிழல். உடம்பு கறுப்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி. கேமராவுக்கு இதைவிடச் சோதனை கிடையாது.

இங்கேதான் அந்த எஃப் எண் வேலை செய்யும். மலிவான தொலைவு லென்ஸ்கள் கடைசி முனையில் எஃப் 5.6 அல்லது 6.3 வரைதான் திறக்கும். கேனானின் ஆர்எஃப் 100-400 லென்ஸ் 635 கிராம்தான், தூக்க சுகம். ஆனால் 400-ல் அதன் எஃப் எண் 8. 5.6-ல் கிடைக்கும் வெளிச்சத்தில் பாதிதான். வெட்டவெளிப் புல்வெளியில் இது ஒரு பொருட்டே இல்லை. சோலைக்குள் போனால் ஐஎஸ்ஓ எண்ணை 3200, 6400 என்று ஏற்ற வேண்டியிருக்கும். படத்தில் பொரி பொரியாக வரும். இப்போது வரும் போட்டோ சாஃப்ட்வேர்கள் அந்தப் பொரியை நன்றாகவே நீக்கிவிடுகின்றன. கை ஆடி மங்கிய படத்தை அந்த அளவுக்குக் காப்பாற்ற எந்த சாஃப்ட்வேராலும் முடியாது. ஆகவே பொரி வந்தாலும் பரவாயில்லை, ஷட்டர் வேகத்தைக் குறைக்காதீர்கள். 250-ல் எடுக்கும்போது நொடியில் 400-ல் ஒரு பங்கு என்பது கைக்கு ஏற்ற வேகம். லென்ஸில் நடுக்கத்தைத் தாங்கும் வசதி இருந்தால் இன்னும் குறைக்கலாம், ஆனால் அது நம் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், குரங்கின் தாவலைத் தாங்காது. தாவும் குரங்கு, பறக்கும் பறவை என்றால் 1,000-ல் ஒரு பங்கோ அதற்கும் வேகமாகவோ வேண்டும்.

50 மில்லி மீட்டர் எஃப் 1.8 என்று ஒரு சிறிய லென்ஸ் சில கம்பெனிகளில் மலிவாகக் கிடைக்கும். குரங்குகள் சாலையோரத்துக்கே வந்துவிட்ட வேளையில் இருட்டில் கைகொடுப்பது இதுதான். ஃபிளாஷ் மட்டும் போடாதீர்கள். அவற்றைப் பக்கத்தில் வரவழைக்கத் தின்பண்டமும் போடாதீர்கள். மனிதர் தரும் பிஸ்கட்டுக்குப் பழகிய குரங்கு சாலையை விட்டு நகராது.

நான் எடுத்துப் போகும் பை

இரண்டாவது பயணத்துக்கு நான் எடுத்துப் போனது இரண்டே லென்ஸ்கள். பழைய 18-55, புதிதாக வாங்கிய 55-250. சட்டைப் பையில் கடன் வாங்கிய ஒரு 50. எதையும் விட்டுவிட்டு வந்தோமே என்று ஒரு முறை கூடத் தோன்றவில்லை. புது ரக மிரர்லெஸ் கேமரா வாங்கியவர்களுக்கு 16-50, 50-250 என்று இதே போன்ற ஜோடி கேமராவுடன் சேர்த்தே விற்கப்படுகிறது. தனித்தனியாக வாங்குவதைவிட அதுவே லாபம்.

லென்ஸ் மாற்றுவதே பயமாக இருக்கிறது என்பவர்கள் 18-300 போல ஒரே லென்ஸ் வாங்கலாம். படம் ஓரங்களில் கொஞ்சம் மங்கும். பதிலுக்கு, மூடுபனியிலும் சாரலிலும் கேமராவைத் திறக்க வேண்டியதில்லை. வால்பாறையில் சாரல் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. கேமராவே இன்னும் வாங்கவில்லை, லென்ஸ் மாற்றும் தொல்லையும் வேண்டாம் என்றால், லென்ஸ் பிரிக்க முடியாத சூப்பர் ஜூம் கேமராக்கள் இருக்கின்றன. வெயில் இருக்கும் வரை நன்றாக எடுக்கும். மொபைல் போனில் மாட்டும் கிளிப் லென்ஸ்களை மட்டும் வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள்.

பழைய லென்ஸ் வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். பல நாள் பையிலேயே கிடந்த லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். வாங்கும்போது ஒரு பக்கம் டார்ச் அடித்து மறு பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை போல வெள்ளை இழைகள் தெரிந்தால் அந்த லென்ஸ் வேண்டாம். உங்கள் கேமராவிலேயே மாட்டி, தானாக ஃபோகஸ் ஆகிறதா என்றும் பாருங்கள். ஒரே கம்பெனியாக இருந்தாலும் பழைய கேமராவில் புது ரக லென்ஸ் சில சமயம் வேலை செய்யாது. வாங்கிய பிறகு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் போட்டு வையுங்கள்.

கருவி பற்றிக் கவலைப்படும்போதெல்லாம் எனக்கு மா. கிருஷ்ணன் நினைவுக்கு வருவார். 1912 முதல் 1996 வரை வாழ்ந்த, சென்னையின் இயற்கை எழுத்தாளர். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர், 1970-ல் பத்மஸ்ரீ பெற்றவர். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த அவரது கேமரா கடையில் வாங்கியதல்ல. வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைக் கோர்த்துத் தானே உருவாக்கிக் கொண்டது. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாக ஒரு பெயரும் வைத்திருந்தார். தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவர், அதற்கேற்றபடி கருவியைச் செய்து கொண்டார். நமக்கு எக்ஸெல் இருக்கிறது, அதையாவது செய்வோம்.

திரும்பி வந்த பிறகு

ஊர் திரும்பியதும் மெமரி கார்டை உடனே அழிக்காதீர்கள். கம்ப்யூட்டரில் ஒரு காப்பி, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி போட்டு, இரண்டும் திறக்கிறதா என்று பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள். மற்றவர்களுக்கு அனுப்பும் முன் இன்னொரு விஷயம். மொபைலிலும் சில கேமராக்களிலும் எடுத்த படங்களின் எக்ஸிஃப் குறிப்பில், எடுத்த இடமும் பதிவாகும். அரிய மிருகம் எங்கே திரிகிறது, இருவாச்சி எந்த மரத்தில் கூடு வைத்திருக்கிறது என்பதெல்லாம் யார் கைக்கும் போகக் கூடாத தகவல்கள். டீடெய்ல்ஸ் பக்கத்தின் கடைசியில் இந்தக் குறிப்புகளை நீக்குவதற்கு ஓர் இணைப்பு இருக்கிறது. அதைக் கிளிக் செய்து, குறிப்பு நீக்கிய காப்பி ஒன்றை உருவாக்கி அதையே அனுப்புங்கள். மூலப் படம் உங்களிடம் முழுக் குறிப்போடு இருக்கட்டும், அடுத்த முறை எண்ணிப் பார்க்க அது வேண்டும்.

இரண்டாவது பயணத்தின் படங்களை நானும் பழையபடி வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஒன்பதாவது வளைவில் அதே தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கமே நின்று எடுத்தவை. பிடித்தவை என்று பொறுக்கிய வரையாட்டுப் படங்கள் 11. எல்லாமே 135-க்கும் 210-க்கும் இடையில் இருந்தன. 250-ல் எடுத்த ஒன்று கூட அந்தப் போல்டருக்குள் வரவில்லை. அதில் ஒரு படத்தில் தாய் நேராக என்னைப் பார்த்துக் கொண்டே அசை போடுகிறது. பக்கத்தில் குட்டி படுத்துத் தூங்குகிறது.